எஸ்ஏடி ஆங்கில இலக்கணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வில், கணக்குப் பகுதியை ஊதித் தள்ளும் பிள்ளைகள்கூட இலக்கணக் கேள்விகளில் வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், "நாலு விடையும் சரியாகத்தானே இருக்கு?" என்பார்கள். அந்த நாலில் மூன்று ஏன் தப்பு என்பதைப் பற்றித்தான் இந்தப் பக்கம். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் இரண்டு நிமிடத்தில் பழகிவிடும்.

தேர்வில் இலக்கணம் எவ்வளவு வரும்? எந்த இடத்தில் வரும்?

இப்போதைய கணினித் தேர்வில் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்து ஒரே பகுதி. மொத்தம் 54 கேள்விகள், 64 நிமிடங்கள். அதை 27 கேள்விகள், 32 நிமிடங்கள் என்று இரண்டு பாகங்களாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் பாகத்தை எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாம் பாகம் எளிதாகவோ கடினமாகவோ வரும். இந்த 54-இல் 11 முதல் 15 வரை நேரடி இலக்கணம், அதாவது ஏறக்குறைய கால்வாசி.

ஒவ்வொரு பாகத்திலும் முதலில் சொற்பொருள், வாசிப்புக் கேள்விகள் வரும். அதன் பிறகு இலக்கணம், கடைசியில் இணைப்புச் சொற்களும் குறிப்புகளைத் தொகுக்கும் கேள்விகளும். இலக்கணப் பகுதிக்குள் எளிதானவை முன்னால், சிக்கலானவை பின்னால். ஒரு சிறு பத்தி இருக்கும், அதில் ஒரு கோடிட்ட இடம், நான்கு விடைகள். "தரமான ஆங்கிலத்தின் மரபுக்கு ஏற்றது எது?" என்ற பொருளில்தான் கேள்வி எப்போதும் இருக்கும். அந்த வரியை ஒருமுறை புரிந்துகொண்டால் போதும், தேர்வில் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டாம்.

காதுக்குச் சரியாகப் படுவதைத் தேர்ந்தெடுத்தால் ஆகாதா?

எளிய கேள்விகளில் ஆகும். சிக்கலானவற்றில் ஆகாது, ஏனென்றால் காது ஏமாறும் இடம் பார்த்துத்தான் அந்தக் கேள்விகளை எழுதுகிறார்கள். ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுபவர்களும் அங்கே விழுகிறார்கள்.

தமிழ் பேசும் நமக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. "மரங்கள் விழுந்தன" என்று எழுதத் தெரியும், ஆனால் பேசும்போது "மரமெல்லாம் விழுந்துச்சு" என்றுதான் சொல்கிறோம். அஃறிணை என்றால் ஒருமையா பன்மையா என்று நம் வாய் கவலைப்படுவதே இல்லை. அதே வாய்தான் ஆங்கிலத்தில் "ஹேஸ்" வருமா "ஹேவ்" வருமா என்று தீர்ப்புச் சொல்லப் போகிறது! எனவே சிக்கலான கேள்வியில் காதை ஓரமாக வைத்துவிட்டு, எழுவாய் எது, வினைமுற்று எது என்று தேடுங்கள்.

கேள்வியைப் பார்த்ததும் முதலில் என்ன செய்வது?

விடைகளைப் பாருங்கள். பத்தியை அல்ல, விடைகளை. நான்கிலும் சொற்கள் ஒன்றாக இருந்து குறிகள் மட்டும் மாறினால், அது வாக்கிய எல்லை பற்றிய கேள்வி. வினைச்சொல்லின் வடிவம் மாறினால் ஒருமை-பன்மையோ காலமோ முற்று-எச்சமோ சோதிக்கிறார்கள். எதைச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்தபின் பத்தியைப் படித்தால் எதைத் தேடிப் படிக்கிறோம் என்பது தெரியும்.

இதில் ஒரு சின்ன வித்தையும் இருக்கிறது. நான்கு வினைகளில் மூன்று பன்மை, ஒன்று மட்டும் ஒருமை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு விடைகள் சரியாக இருக்க முடியாது அல்லவா? அப்படியானால் ஒருமை-பன்மைதான் இங்கே சோதனை, தனித்து நிற்கும் ஒருமையை முதலில் சரிபார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அதைப் போட்டுவிடச் சொல்லவில்லை. எழுவாயைக் கண்டுபிடித்து உறுதிசெய்துவிட்டுப் போடுங்கள்.

எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ஒரு முழ நீளத்துக்குச் சொற்கள் இருந்தால்?

வெட்டி எறியுங்கள். இதோ ஒன்று: "தி லிஸ்ட் ஆஃப் ஸ்டார்ஸ் அப்சர்வ்டு பை ஆஸ்ட்ரானமர்ஸ் இன் போத் ஹெமிஸ்ஃபியர்ஸ் ____ லாங்கர்." விடைகள்: ஹேவ் க்ரோன், ஆர் க்ரோயிங், வேர் க்ரோயிங், ஹேஸ் க்ரோன்.

கோடிட்ட இடத்துக்கு முன்னால் ஸ்டார்ஸ், ஆஸ்ட்ரானமர்ஸ், ஹெமிஸ்ஃபியர்ஸ் என்று மூன்று பன்மைச் சொற்கள் வரிசைகட்டி நிற்கின்றன. காது பன்மை கேட்கும். ஆனால் நீண்டது எது? பட்டியல். "விண்மீன்களின் பட்டியல் நீண்டிருக்கிறது" என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், "விண்மீன்களின்" என்பது எழுவாயாக முடியாது என்று உடனே தெரிந்துவிடும். வேற்றுமை உருபு ஒட்டிய சொல் எழுவாய் ஆகாது என்பது நமக்கு ரத்தத்தில் ஊறியது. ஆங்கிலத்தில் "ஆஃப்", "பை", "இன்", "வித்" போன்ற முன்னிடைச் சொல்லுக்குப் பின்னால் வரும் பெயரும் அப்படியே. அவற்றை அடித்துவிட்டால் "தி லிஸ்ட்" மட்டும் மிஞ்சும். விடை: ஹேஸ் க்ரோன்.

இன்னும் இரண்டு பொறிகள். "ஈச்" என்பது எழுவாயாக வந்தால் ஒருமை, நாம் "ஒவ்வொருவரும் வந்தார்கள்" என்று பேசிப் பழகியதால் தடுமாறுவோம். மற்றது, எழுவாய் வினைக்குப் பின்னால் ஒளிந்திருப்பது. "அமங் தி ரூயின்ஸ் ஸ்டாண்ட் டூ பில்லர்ஸ்" என்பதில் நிற்பவை இடிபாடுகள் அல்ல, தூண்கள்.

வாக்கியம் முழுமையா அரைகுறையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பள்ளியில் முற்று, எச்சம் என்று படித்திருப்பீர்கள். "அவள் கதவைத் திறந்து" என்று எழுதி யாராவது முற்றுப்புள்ளி வைப்பார்களா? மாட்டார்கள். "திறந்து" வினையெச்சம், இன்னொரு வினைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. "திறந்த" என்றால் பெயரெச்சம், ஒரு பெயருக்காகக் காத்திருக்கிறது. "திறந்தாள்" என்றால்தான் முடிந்தது. ஆங்கிலத்திலும் இதே மூன்று நிலைகள் உண்டு, ஆங்கில வகுப்பில் யாரும் அதை நமக்கு இப்படிச் சொல்லித் தருவதில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கேள்வியைப் பாருங்கள்: "மரி க்யூரி, ஹூ வன் நோபல் பிரைசஸ் இன் டூ ஃபீல்ட்ஸ், ____ பொலோனியம் வித் ஹர் ஹஸ்பண்ட் இன் 1898." விடைகள்: டிஸ்கவரிங், டு டிஸ்கவர், ஹேவிங் டிஸ்கவர்டு, டிஸ்கவர்டு.

மனத்துக்குள் தமிழாக்குங்கள். "ஹூ வன்" என்பது தமிழில் "வென்ற" என்று பெயரெச்சமாகிவிடும். "இரண்டு துறைகளில் நோபல் பரிசு வென்ற மரி க்யூரி 1898-இல் கணவருடன் சேர்ந்து பொலோனியத்தை..." இப்போது என்ன வேண்டும்? "கண்டுபிடித்தார்" என்ற முற்று. "டிஸ்கவரிங்" எச்சம். "டு டிஸ்கவர்" என்றால் "கண்டுபிடிக்க", அதுவும் எச்சம். "ஹேவிங் டிஸ்கவர்டு" என்பது "கண்டுபிடித்துவிட்டு", பார்க்க நீளமாகவும் கம்பீரமாகவும் இருக்கும், ஆனால் எச்சமேதான். பிள்ளைகள் அதிகம் விழுவது இதில்தான். டிஸ்கவர்டு மட்டும்தான் வாக்கியத்தை முடிக்கும்.

விதியாகச் சொன்னால்: துணைவினை இல்லாத "இங்" வடிவம் ஒருநாளும் முற்று ஆகாது. "டு" சேர்ந்ததும் ஆகாது. "ஹூ", "விச்", "தட்" இவற்றோடு ஒட்டி வரும் வினை அந்தக் கிளை வாக்கியத்துக்குச் சொந்தம், தலைமை வாக்கியத்துக்குக் கடன் தராது.

ஒரே ஒரு இடத்தில் எச்சரிக்கை வேண்டும். தமிழில் "கண்டுபிடித்தார்" வேறு, "கண்டுபிடிக்கப்பட்ட" வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் "டிஸ்கவர்டு" என்ற ஒரே வடிவம்தான். "தி எலிமென்ட் டிஸ்கவர்டு இன் 1898" என்பதில் அது முற்று அல்ல, "1898-இல் கண்டுபிடிக்கப்பட்ட தனிமம்" என்ற பெயரெச்சம். அந்த வாக்கியத்துக்கு இன்னொரு வினை வேண்டும். அந்த எழுவாய்தான் அந்தச் செயலைச் செய்ததா என்று கேட்டால் குழப்பம் தீரும். தனிமம் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் இணைக்கலாமா?

தமிழில் தாராளமாக. "மழை பெய்தது, தெரு நனைந்தது" என்று எழுதினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எஸ்ஏடியில் அது பிழை. பக்கத்துக்குப் பக்கம் நாம் செய்யும் பிழையும் இதுதான்.

இணைக்க மூன்று வழிகள் போதும். முற்றுப்புள்ளி வைத்துப் பிரிக்கலாம். அரைப்புள்ளி வைக்கலாம். அல்லது காற்புள்ளியோடு ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், சோ என்ற ஏழில் ஒன்றைச் சேர்க்கலாம். முற்றுப்புள்ளியும் இந்த அரைப்புள்ளியும் இங்கே ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆகவே இரண்டு விடைகளுக்குள் இந்தக் குறி மட்டும்தான் வித்தியாசம் என்றால் இரண்டுமே தப்பாகத்தான் இருக்கும். யோசிக்காமல் அடித்துவிடலாம்.

நிறுத்திப் படிக்கும் இடத்தில் குறி வைத்தால் சரிவருமா?

வராது. இதற்கு நம் பெயர்களே ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். கால், அரை, முக்கால், முற்று என்று பெயர் வைத்துவிட்டோம். கேட்பவருக்கு அது ஏதோ நிறுத்தத்தின் அளவு மாதிரி படுகிறது: இங்கே கொஞ்சம் மூச்சு வாங்கு, அங்கே இன்னும் கொஞ்சம் வாங்கு என்று. எஸ்ஏடிக்கு மூச்சு முக்கியமில்லை. குறிக்கு இடப்பக்கம் முழு வாக்கியமா, வலப்பக்கம் முழு வாக்கியமா என்பதே கேள்வி.

முக்காற்புள்ளிக்கு இடப்பக்கம் கட்டாயம் முழு வாக்கியம் வேண்டும். வலப்பக்கம் எதுவும் வரலாம்: பட்டியல், ஒற்றைச் சொல், இன்னொரு முழு வாக்கியம். முன்னால் சொன்னதை விளக்கினால் போதும். "சச் ஆஸ்" என்பதற்குப் பின்னால் முக்காற்புள்ளி வைத்த விடை கவர்ச்சியாக இருக்கும், தப்பு.

"ஹவெவர்" வந்தாலே குழம்புகிறேன். அரைப்புள்ளி அதற்கு முன்னாலா பின்னாலா?

குழம்ப வேண்டிய இடம்தான், இது கடினமான கேள்விகளில் வருவது. பெரும்பாலோர் "அரைப்புள்ளி, ஹவெவர், காற்புள்ளி" என்று மந்திரம்போல மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். தேர்வை எழுதியவர்களுக்கு அது தெரியாதா என்ன?

இந்தப் பத்தியைப் பாருங்கள். "மெனி பீப்பிள் அஸ்யூம் தட் எவ்ரி பிளானட் இஸ் பிக்கர் தேன் எவ்ரி மூன். ஜூபிட்டர்ஸ் மூன் கானிமீட் இஸ் லார்ஜர் தேன் மெர்குரி ____ இட்ஸ் டயமீட்டர் இஸ் அபவுட் 5,268 கிலோமீட்டர்ஸ்." எல்லாக் கோள்களும் எல்லா நிலவுகளையும் விடப் பெரியவை என்று பலர் நினைக்கிறார்கள், வியாழனின் நிலவான கானிமீட் புதன் கோளைவிடப் பெரியது, அதன் விட்டம் இவ்வளவு. "ஆனால்" எங்கே பொருந்தும்?

கானிமீடின் அளவுக்கும் அதன் விட்டத்துக்கும் நடுவே முரண் ஏதும் இல்லை. விட்டம் அந்த அளவை விளக்குகிறது, அவ்வளவுதான். முரண் இருப்பது பலரின் நினைப்புக்கும் கானிமீடின் அளவுக்கும் இடையில். ஆகவே "ஹவெவர்" முதல் பாதியோடு சேர வேண்டும்: மெர்குரி, காற்புள்ளி, ஹவெவர், அரைப்புள்ளி, இட்ஸ் டயமீட்டர். மந்திரம் சொன்னவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

இதே பத்தியில் கடைசி வரி "கானிமீடின் நிறை புதனின் நிறையில் பாதிகூட இல்லை" என்று இருந்திருந்தால், "பெரியது, ஆனால் நிறை குறைவு" என்று முரண் இரண்டு பாதிகளுக்கும் நடுவே வந்துவிடும். அப்போது பழைய மந்திரமே சரி. முடிவு செய்வது பொருள், குறி அதன் பின்னால் வரும். "தேர்ஃபோர்", "தோ", "இன்ஸ்டெட்" எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

பெயர்களைச் சுற்றிக் காற்புள்ளி எப்போது?

அந்தப் பெயரை எடுத்துவிட்டால் யாரைச் சொல்கிறோம் என்று தெரிகிறதா? தெரிந்தால் இரண்டு பக்கமும் காற்புள்ளி, தெரியாவிட்டால் எந்தப் பக்கமும் வேண்டாம். "தி ஃபிசிசிஸ்ட் மரி க்யூரி" என்பதில் பெயரை எடுத்தால் எந்த இயற்பியலாளர் என்று தெரியாது. ஒரு பக்கம் மட்டும் காற்புள்ளி வைத்த விடை வாக்கிய நடுவில் வந்தால் பெரும்பாலும் பொறி. இடைச்செருகலைக் காற்புள்ளியில் தொடங்கினால் காற்புள்ளியில் முடிக்க வேண்டும், டேஷில் தொடங்கினால் டேஷில். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ஒற்றைக் காற்புள்ளி கூடவே கூடாது.

"ஓப்பனிங் தி டோர், தி கேட் ரேன் அவுட்" என்பதில் என்ன தப்பு?

பூனைதான் கதவைத் திறந்தது என்று ஆகிறது!

நமக்கு இது உறைக்காததற்குக் காரணம் உண்டு. "கதவைத் திறந்ததும் பூனை ஓடிவிட்டது" என்பது நல்ல தமிழ். திறந்தவர் யாரென்று சொல்லாமலே கேட்பவருக்குப் புரியும். ஆங்கிலத்தில் வாக்கியத் தொடக்கத்தில் இப்படி ஒரு எச்சம் வந்தால், காற்புள்ளிக்கு அடுத்து நிற்கும் பெயர்தான் அந்தச் செயலைச் செய்தது என்று கொள்வார்கள். எஸ்ஏடியில் இந்தக் கேள்வியின் விடைகள் நீளமாக இருக்கும், நான்கும் வெவ்வேறு பெயரில் தொடங்கும். முழுவதையும் படிக்க வேண்டாம். முதல் பெயரை மட்டும் பார்த்து "இவர் இதைச் செய்ய முடியுமா?" என்று கேளுங்கள். உடைமைப் பெயர் ஒரு தனிப் பொறி: "க்யூரிஸ் ரிசர்ச்" என்று தொடங்கினால் அங்கே இருப்பது ஆராய்ச்சி, க்யூரி இல்லை.

"இட்ஸ்" இரண்டு விதமாக எழுதுகிறார்களே?

மேற்குறி (அப்பாஸ்ட்ரஃபி) போட்டது "இட் இஸ்" அல்லது "இட் ஹேஸ்" என்பதன் சுருக்கம். போடாதது "அதன்". விரித்துப் படித்துப் பாருங்கள், பொருந்தாவிட்டால் குறி வேண்டாம். கானிமீட் பத்தியில் "இட் இஸ் டயமீட்டர்" என்று படித்தால் அபத்தம், எனவே அங்கே குறி இல்லை. பெயர்ச்சொல்லில் மேற்குறி எஸ்ஸுக்கு முன்னால் என்றால் பெரும்பாலும் ஒருவருடையது, பின்னால் என்றால் பலருடையது. வெறும் பன்மைக்கு மேற்குறியே கிடையாது.

காலம் பற்றிய கேள்விகளில் என்ன பார்க்க வேண்டும்?

பத்தியில் இருக்கும் மற்ற வினைகளை. பெரும்பாலும் அவை எந்தக் காலமோ அதுவே விடை. "சின்ஸ் 1990" போன்ற தொடர் இருந்தால் மட்டும் கவனம். தமிழில் "1990 முதல் அங்கே வசிக்கிறார்" என்று நிகழ்காலத்தில் சொல்வோம், ஆங்கிலத்தில் "ஹேஸ் லிவ்டு" என்று வர வேண்டும்.

கடைசியில் இரண்டு விடைகள் மிஞ்சி, இரண்டுமே சரி என்று தோன்றினால்?

"எது நன்றாக இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். "எதில் நான் விரல் வைத்துக் காட்டக்கூடிய பிழை இருக்கிறது?" என்று கேளுங்கள். இலக்கணக் கேள்விகளில் ஒரு விடை மட்டும்தான் பிழையற்றது. மற்ற மூன்றிலும் பெயர் சொல்லக்கூடிய பிழை இருக்கும்.

தேர்வு நடத்துபவர்களே இதில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டார்கள். 2002 அக்டோபரில் நடந்த பிஎஸ்ஏடி என்ற முன்னோட்டத் தேர்வில், எழுத்தாளர் டோனி மாரிசனின் மேதைமையைப் பற்றிய ஒரு வாக்கியத்தைத் தந்து பிழை இருக்கிறதா என்று கேட்டார்கள். அவர்கள் வைத்திருந்த விடை, பிழை இல்லை. "டோனி மாரிசன்ஸ்" என்ற உடைமைப் பெயரைப் பின்னால் வரும் "ஹர்" என்ற சொல் சுட்ட முடியாது, சில இலக்கண நூல்கள் அதைப் பிழை என்கின்றன என்று ஒரு பள்ளி ஆசிரியர் விடாமல் வாதாடினார். 2003-இல் அந்தக் கேள்வியையே மதிப்பீட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். அறிஞர்களே அடித்துக்கொள்ளும் இடங்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் தேர்வு அறையில் "இது அந்த மாதிரி கேள்வியோ" என்று சந்தேகப்பட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். பிழை உங்கள் கண்ணுக்குத் தப்பியிருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

நேரம் போதவில்லையே?

சராசரியாக ஒரு கேள்விக்கு 71 விநாடி கிடைக்கிறது. இலக்கணக் கேள்விகளை அரை நிமிடத்தில் முடித்துப் பழகினால் வாசிப்புக் கேள்விகளுக்கு மிச்சம் பிடிக்கலாம். சிலர் பாகத்தின் நடுவே உள்ள இலக்கணத்துக்கு முதலில் தாவிப் போய் அதை முடித்துவிட்டுத் திரும்புவார்கள், ஒரு பாகத்துக்குள் அப்படி முன்னும் பின்னும் போகலாம். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஆகவே எதையும் காலியாக விடாதீர்கள்.

எப்படிப் பயிற்சி செய்வது?

எஸ்ஏடி நடத்துபவர்களின் புளூபுக் செயலியில் முழு மாதிரித் தேர்வுகள் இலவசமாக இருக்கின்றன. அவை குறைவு, ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட வேண்டாம். ஒரு தேர்வு எழுதினால், தப்பான ஒவ்வொரு இலக்கணக் கேள்விக்கும் மூன்று தவறான விடைகளின் பிழையையும் ஒரு நோட்டில் தமிழிலேயே எழுதுங்கள்: "எச்சம், முற்று இல்லை", "இரண்டு முழு வாக்கியம், வெறும் காற்புள்ளி" என்று நாலைந்து சொல்லில். பத்துப் பதினைந்து கேள்விகளுக்குப் பிறகு, ஒரே இரண்டு மூன்று பிழைகள்தான் திரும்பத் திரும்ப வருவது தெரியும். சரியாகப் போட்ட கேள்வியையும் ஊகித்துப் போட்டிருந்தால் நோட்டில் சேருங்கள். பிள்ளைகள் இதைச் செய்யவே மாட்டார்கள், சரியாகிவிட்டதே என்று தாண்டிப் போவார்கள்.

ஏசிடி தேர்வுக்கும் இது போதுமா?

ஏசிடியும் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் தேர்வுதான். விதிகள் அதேதான், வடிவம் வேறு. 2025-இல் வந்த புதிய ஏசிடியில் ஆங்கிலப் பகுதிக்கு 50 கேள்விகள், 35 நிமிடங்கள். அங்கே நீளமான பத்திகள், ஒரே பத்தியின்மேல் பல கேள்விகள். கோடிட்ட இடத்துக்குப் பதிலாக ஒரு பகுதிக்கு அடிக்கோடிட்டு, அதை மாற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். "நோ சேஞ்ச்" என்பதும் ஒரு விடையாக வரும். எஸ்ஏடியில் பழகியவர்கள் அதைத் தொடப் பயப்படுவார்கள், பிழை இல்லை என்றால் தைரியமாக அதையே போடுங்கள்.